ஈட்டியம்மாவும் பல் டாக்டர் வீட்டு நீச்சல் குளமும்

மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் ஈட்டியம்மா உடனே பதில் சொல்லிவிடமாட்டார். "குத்திப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் எத்தனையோ மாற்றிக்கொண்டவர், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றவில்லை.

ஈட்டி என்று ஊர் சொல்வது நாலடி நீள இரும்புக் கம்பியை. மேலே குறுக்காக ஒரு பிடி, கீழே மழுங்கிய முனை. அதை மண்ணில் நிறுத்தி, உடம்பின் எடையை மெல்லச் சாய்த்து இறக்குவார். ஈரக் களிமண் என்றால் கம்பி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். சரளைக்கல் என்றால் பிடியில் நறநறவென்று ஒரு நடுக்கம் ஏறும். பிளாஸ்டிக் குழாய் என்றால் டொக்கென்று நின்று லேசாகத் துள்ளும். கான்கிரீட் மூடி என்றால் முழங்கை வரைக்கும் அதிரும். உள்ளங்கையில் இதெல்லாம் ஏறி ஏறி, அங்கே காய்ப்பு ஒரு பொத்தான் அளவுக்குத் தடித்திருந்தது.

கல்யாணமாகி வந்தபோது கணவர் செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். உதவியாள் வேலையை விட்டுப் போன ஒரு வாரத்தில் ஈட்டியம்மா குழாயின் மறுமுனையைத் தூக்கினார். அப்புறம் கீழே வைக்கவில்லை. போகிற வீடுகளில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார்கள். தங்கள் வயிற்றிலிருந்து இறங்கியதைத்தான் இந்த இருவரும் அள்ளிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்பதே நினைவில்லாதவர்கள் மாதிரி. குடிக்கத் தண்ணீர் கேட்டால் தோட்டத்துக் குழாயைக் கைகாட்டுவார்கள். அந்த வீடுகளில் நகைப்பெட்டி எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். டேங்க் எங்கே என்று கேட்டால் மட்டும், "அந்தப் பக்கமா எங்கயோ" என்று ஒரு கை வானத்தைச் சுற்றும்.

அதனால் ஒரு நோட்டு வாங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் டேங்க் மூடியைக் கண்டுபிடித்ததும் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து அதற்கு எத்தனை அடி என்று அளந்து, சின்னப் படமாக வரைந்து வைத்தார். இரண்டு மூலை தெரிந்தால் போதும், இருபது வருடம் கழித்து வந்தாலும் நேராகப் போய்க் கம்பியை ஊன்றலாம்.

ஒரு வீட்டுக்காரர், அடியில் படிந்த கசடை ஆள் இறங்கிச் சுரண்டினால்தான் சுத்தமாகும் என்று அடம்பிடித்தார். கணவர் பேசாமல் சட்டையைக் கழற்றப் போனார். ஈட்டியம்மா அந்தச் சட்டையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"நீங்க இறங்குங்க சார். நான் மேல நின்னு கயிறு பிடிச்சுக்கறேன்."

வீட்டுக்காரர் குழியை விட்டு இரண்டடி தள்ளிப்போனார். அரை டேங்கோடு லாரி கிளம்பியது. அந்தக் குழிகளுக்குள் மூச்சடைத்துச் செத்தவர்களை எல்லாம் விபத்து என்று ஒற்றைச் சொல்லில் எழுதி முடித்துவிடுகிறார்கள். தெரிந்தே இறக்கிவிட்டதற்கு விபத்து என்று எப்படிப் பெயர் வைப்பது என்று ஈட்டியம்மா கேட்பார். இன்றுவரை அவர் லாரியிலிருந்து ஒருவரும் எந்த டேங்குக்குள்ளும் இறங்கியதில்லை.

முப்பத்தெட்டு வயதில், நிலத்தடிக் கழிவுக் குழாய்களின் இடத்தைச் சான்றளிக்கும் உரிமத்துக்குப் பரீட்சை எழுதினார். உரிமம் கேட்டு முதல் தடவை நகராட்சி ஆபீசுக்குப் போனபோது, "இது உனக்கு எதுக்கும்மா?" என்று கேட்டார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். இரண்டாம் தடவையும் அதே மேசை, அதே கேள்வி. மூன்றாம் தடவை ஈட்டியம்மா நோட்டைத் தூக்கி மேசைமேல் போட்டார். நானூற்றுப் பதினோரு வீடுகள். "இதுல எந்த வீட்டை வேணும்னாலும் சொல்லுங்க, உங்க ஆபீஸ் படமும் என் படமும் ஒத்துப்போகுதான்னு போய்த் தோண்டிப் பாக்கலாம்." மேசைக்காரருக்குத் தோண்டிப் பார்க்க ஆசை வரவில்லை. உரிமம் வந்தது.

அந்த உரிமம் வந்து பதின்மூன்று வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் பல் டாக்டர் வீட்டிலிருந்து அழைத்தார்கள்.

டாக்டரின் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. தண்ணீருக்குள் நடந்தால் மூட்டில் பாரம் விழாது, தினம் அரைமணி நேரம் நடங்கள் என்று உடற்பயிற்சி சொல்லித்தருபவர் சொல்லியிருந்தார். டாக்டர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம், ஒரு முனையில் எட்டடி ஆழம், நீலக் கல் பதித்த நீச்சல் குளம் என்று முடிவாகிவிட்டது. காண்டிராக்டர் வண்ணப் படமே போட்டுக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை மண் தோண்ட பொக்லைன் வருகிறது. பாக்கி இருந்தது ஈட்டியம்மாவின் சான்று ஒன்றுதான்.

முப்பத்தோரு வருடத்து வீடு அது. சரிவான நிலம். வீட்டின் பின்பக்கம், நட்டநடுவில் டேங்க். அங்கே கசடு தங்கியதுபோக மிச்சத் தண்ணீர் ஓட்டை போட்ட குழாய்களில் ஓடி, சரளைக்கல் நிரப்பிய மூன்று பள்ளங்களில் பரவி, மண்ணால் வடிகட்டப்பட்டு இறங்கவேண்டும். அந்தப் பள்ளங்கள் கிழக்குப் பக்கம் இருப்பதாக, வீடு கட்டியபோது நகராட்சி ஆபீசில் பதிந்துவைத்த படம் சொன்னது. கிழக்கில் இப்போது இரண்டு கார் நிறுத்தும் கொட்டகை, சிமென்ட் தரையோடு. மேற்குப் பக்கம் படத்தில் காலி. படுக்கையறைக் கதவும் அந்தப் பக்கமே திறந்தது. குளத்துக்கு அதைவிடத் தோதான இடம் ஏது.

"எல்லாம் பேப்பர்ல இருக்குக்கா. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார் காண்டிராக்டர். நாற்பது வயதுக்காரர், சிரித்த முகம். ஈட்டியம்மாவுக்கு வருகிற வேலையில் பாதி அவர் மூலமாக வருவது.

"பேப்பரைக் குத்திப் பாக்க முடியாதே தம்பி."

முதலில் மேற்குச் சுவர் வரைக்கும் நடந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நிலம் சட்டென்று இறங்கியது. கீழே ஒட்டி ஒட்டி ஆறு வீடுகள், நடுவில் ஒரு கிணறு. ஒரு பெண் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்.

"குடிக்கறதுக்கும் இதாம்மா?" என்று மேலிருந்து கேட்டார் ஈட்டியம்மா.

"குடிக்க, குளிக்க, எல்லாத்துக்கும் இதான். குழாய் போடறேன்னு எங்க வீட்டுக்காரர் சின்னப் பிள்ளையா இருந்தப்பலேர்ந்து சொல்றாங்க."

"எத்தனை பேரு இருக்கீங்க?"

"எதுக்கு, ஓட்டுக்கா?" என்று சிரித்த அந்தப் பெண் விரல்விட்டு எண்ணினார். "இருபத்தேழு. அடுத்த மாசம் இருபத்தெட்டு."

ஈட்டியம்மா திரும்பி வந்து, நீலக் குளம் வரவேண்டிய இடத்தில் ஈட்டியை இறக்கினார். இரண்டடியில் நறநற. நாலடி தள்ளி இறக்கினார், களிமண். இன்னும் நாலடி தள்ளி, மறுபடி நறநற. அதற்கும் எட்டடி தள்ளி, மூன்றாவதாக ஒரு நறநற.

"வீடு கட்டினப்ப கொட்டின கல்லா இருக்கும்" என்றார் காண்டிராக்டர்.

"இருக்கலாம். பள்ளமாவும் இருக்கலாம்."

"படத்துல கிழக்கன்னு போட்டிருக்கே."

"கிழக்கப் பாத்துடலாம்னா நீங்க சிமென்ட்டைப் போட்டு மூடி வச்சிருக்கீங்க. அந்தக் கொட்டகைக்குத் தூண் நட்டது நீங்கதானே? குழி எடுத்தப்ப சரளை வந்துச்சா?"

"எட்டு வருஷம் ஆச்சுக்கா, யாருக்கு ஞாபகம் இருக்கு." அவர் வண்டிக்குப் போய் இரண்டு வளைந்த செம்புக் கம்பிகளோடு வந்தார். "இப்பப் பாருங்க. நிலத்துக்கடியில தண்ணி ஓடுற இடத்துல இது தானா குறுக்கால சேரும். எங்க மாமா கத்துக்கொடுத்தது. ஒரு நாளும் பொய் சொன்னதில்ல."

கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு கொட்டகை ஓரமாக நடந்தார். படத்தில் முதல் பள்ளம் இருந்த இடத்துக்கு நேராக வந்ததும் கம்பிகள் அசைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறின. டாக்டர் வியந்துபோய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கு" என்றார் ஈட்டியம்மா. "இப்பக் கண்ணைக் கட்டிட்டு இன்னொரு வாட்டி."

படுக்கையறையின் பின்பக்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டரின் மனைவி தன் துண்டை வெளியே நீட்டினார். "இந்தா, இதைக் கட்டு. துவைச்சதுதான்."

காண்டிராக்டர் கண் கட்டப்பட்டு, மூன்று சுற்று சுற்றிவிடப்பட்டு, நடந்தார். கம்பிகள் முதலில் பூந்தொட்டிக்கு முன்னால் சேர்ந்தன. அடுத்து வாசல்படியில் சேர்ந்தன. மூன்றாவது தடவை டாக்டரின் செருப்புக்கு நேர் மேலே சேர்ந்தன.

"உங்க அடியில ஏதோ ஓடுதாம்" என்றார் மனைவி.

காண்டிராக்டர் துண்டை அவிழ்த்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது. ஈட்டியம்மா சிரிக்கவில்லை. அவரைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனார். "நானும் ஆறு வருஷம் இதைப் பிடிச்சிட்டுத் திரிஞ்சவதான் தம்பி. ஒரு நாள் சந்தேகம் வந்து, கம்பி சேந்த இருபது இடத்தத் தோண்டிப் பாத்தேன். மூணுல குழாய் இருந்துச்சு. நமக்கு எங்க இருக்குன்னு தோணுதோ அங்க மணிக்கட்டு தானா சாயும். கம்பி மேல தப்பில்ல."

"அப்ப குழாய் எந்தப் பக்கம்தான்?"

"தெரியல. நாளைக்குச் சொல்றேன்."

சம்பளம் வாங்குகிறவர்கள் தெரியவில்லை என்று சொல்லக் கூசுவார்கள். ஈட்டியம்மாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லும்போதுதான் நாக்கு கூசவேண்டும் என்பது அவர் கட்சி.

கிளம்புமுன் டாக்டரின் மனைவி உள்ளே கூப்பிட்டு, சமையலறையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். மாலை வெயில் சமையலறை ஜன்னல் வழியாக நேரே கண்ணில் விழுந்தது. ஈட்டியம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெயிலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

வீட்டுக்குப் போனதும் ஆபீஸ் படத்தை விரித்தார். சமையலறை கிழக்கில் இருந்தது. மாலை வெயில் கிழக்கு ஜன்னலில் எப்படி விழும்? வாசல்படியும் இடம் மாறியிருந்தது, குளியலறையும் அப்படியே. தாளைத் திருப்பி, எழுத்து இல்லாத பின்பக்கம் தன்னைப் பார்க்க, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சமையலறை, படி, குளியலறை எல்லாம் தத்தம் இடத்துக்கு வந்து உட்கார்ந்தன. மூன்று பள்ளங்களும் மேற்கே போயின.

அந்தக் காலத்தில் படத்தை ஊடுருவித் தெரிகிற மெல்லிய தாளில் வரைந்து இயந்திரத்தில் பிரதி எடுப்பார்கள். தாளைக் குப்புறப் போட்டால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலமாக விழும். எழுத்துகளும் அப்படியே திரும்பி விழும். யாரோ ஒரு புண்ணியவான் மறுபடி பிரதி எடுக்கச் சோம்பல்பட்டு, எழுத்துகளை மட்டும் சுரண்டிவிட்டு நேராக எழுதியிருக்கிறார். டேங்க் நட்டநடுவில் இருந்ததால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சரியாகவே இருந்தது. முப்பத்தோரு வருடமாக ஒருவரும் கவனிக்கவில்லை.

கணவர் தாளை வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரிதான்மா. ஆனா நம்ம வேலையில பாதி அந்தத் தம்பிகிட்டேர்ந்து வருது. நாளைக்கு நீ சொன்னது தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இதுவும் இன்னும் என் நெனப்புதாங்க. தண்ணி சொல்லட்டும்."

மறுநாள் காலை டேங்க் மூடியைத் திறந்து, தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் ஒரு புட்டி பச்சைச் சாயத்தை ஊற்றினார். மேற்கே, ஈட்டி நறநறத்த மூன்று இடங்களில் கையால் சுழற்றும் துளைக்கருவியை வைத்துச் சரளை வரைக்கும் துளை போட்டார். வீட்டில் எல்லாக் குழாயையும் திறந்துவிடச் சொன்னார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் டாக்டர்.

"வந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள வரும். வரலேன்னா நீங்க நெனச்ச இடத்துலயே குளம் வெட்டிக்கலாம்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். காண்டிராக்டர் டாக்டரைப் பார்த்தார். நாற்பது நிமிடம் போனது. ஜன்னலை ஒட்டிய துளையை முதலில் எட்டிப் பார்த்தது உள்ளே நாற்காலியில் இருந்த டாக்டரின் மனைவிதான்.

"ஏம்மா, உன் ஓட்டையில என்னமோ கிளிப்பச்சையா வருதே."

மற்ற இரண்டிலும் வந்தது. மூன்று பள்ளங்களும் நீலக் குளத்துக்கு நேர் அடியில் கிடந்தன. வெள்ளிக்கிழமை பொக்லைன் முதல் கை மண் அள்ளியிருந்தால் அவை அறுபட்டு, ஒரு வீட்டின் கழிவுத் தண்ணீர் முழுவதும் வடிகட்ட மண்ணே இல்லாமல் சரிவில் இறங்கியிருக்கும். சரிவின் அடியில் அந்தக் கிணறு.

காண்டிராக்டர் துளையருகே குனிந்து பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "ஒண்ணு பண்ணலாம் டாக்டர்" என்றார். "குளத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளினா ஒரு பள்ளம்தான் போகும். மத்த ரெண்டு தாங்கும். கீழ இருக்கறவங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியப்போகுது."

ஈட்டியம்மா வாளியிலிருந்து எழுந்தார். குரல் உயரவில்லை, ஆனால் அது தோட்டத்தின் மறுகோடி வரைக்கும் கேட்டது.

"அவங்களுக்குத் தெரியாது, வாஸ்தவம்தான். வயித்தால போகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், சுத்தமில்லாத ஜனங்கன்னு நீங்களே சொல்வீங்க. யார் சுத்தமில்லாம இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். கீழ இருபத்தேழு பேரு இருக்காங்க, நேத்து எண்ணச் சொல்லிக் கேட்டேன்." டாக்டர் பக்கம் திரும்பினார். "சொத்தைப் பல்ல மேல மட்டும் பூசி அனுப்புவீங்களா டாக்டர், உள்ள என்ன ஆனா எனக்கென்னன்னு?"

டாக்டர் நல்ல மனிதர்தான். இதைக் கேட்காமலிருந்தால் தனக்குத் தெரியாமல் இருந்திருக்குமே என்று ஒரு கணம் அவர் முகத்தில் ஓடியதும் உண்மை. வசதியானவர்களின் நல்லகுணத்துக்கு இப்படி ஒரு வாசல் எப்போதும் திறந்தே இருக்கும்.

ஜன்னலுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"முட்டி வலி எனக்குத்தானே? முப்பதடி வேணும்னு நான் கேட்டேனா?"

"உனக்காகத்தாம்மா..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"எட்டடி ஆழத்துல என்னை இறக்கிட்டு நீங்க கரையில நிப்பீங்களா? எனக்கு நீந்தவே தெரியாது. முப்பத்தேழு வருஷமாச்சு, இன்னும் தெரியாதா உங்களுக்கு?" ஈட்டியம்மாவைப் பார்த்தார். "நீ சொல்லு. நான் நடக்கணும், அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணி போதும். எங்க வெட்டலாம்?"

ஈட்டியம்மா கொட்டகையைக் காட்டினார். அதில் ஒரு பாதியை எடுத்துவிட்டால் இருபதடிக்கு ஆறடி கிடைக்கும். குழாய்களிலிருந்து ஊர் விதி கேட்கிற தூரத்துக்கு மேலேயே தள்ளி இருக்கும். மறுபாதியில் ஒரு கார் நிற்கலாம், வேறெதுவும் கட்டக்கூடாது. மேற்குப் பள்ளங்கள் என்றாவது அடைத்துக்கொண்டால் புதிதாகத் தோண்ட மண் வேண்டும். குளத்தின் வடிகட்டியைக் கழுவிய தண்ணீரை டேங்கில் விடக்கூடாது. குளோரின் போனால் டேங்குக்குள் கழிவைத் தின்று வேலை பார்க்கிற கிருமிகள் செத்துவிடும்.

"ஒரு கார் வெயில்ல நிக்கணும்" என்றார் டாக்டர் மெதுவாக.

"நிக்கட்டும். அதுக்கு முட்டி வலிக்காது."

காண்டிராக்டர் தலையைச் சொறிந்தார். பிறகு யாரும் கேட்காமலே, "தூண் குழி எடுத்தப்ப சரளை வரலக்கா" என்றார். "ஞாபகம் இருந்துச்சு. சொல்ல வாய் வரல."

"இப்ப வந்துச்சே. தூணை எப்பப் பிரிக்கப்போறீங்க?"

"வெள்ளிக்கிழமை வண்டி வருதே, அதுலயே."

ஈட்டியம்மா வியாழக்கிழமை ஆபீசுக்குப் போனார். புதிய படத்தைத் தானே வரைந்திருந்தார். வீடு, டேங்க், மேற்கே மூன்று பள்ளங்கள், கிழக்கே சின்னக் குளம், எல்லாவற்றுக்கும் இரண்டு மூலைகளிலிருந்து அளவு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வட்டம்.

எழுத்தர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "பழைய படத்தைத் திருத்த எங்ககிட்ட படிவம் கிடையாதேம்மா. புதுசுன்னா வாங்கிக்கலாம். திருத்தம்னா வழியில்ல."

"வெறுந்தாள்ல எழுதித் தர்றேன். பழைய படத்தோட தைச்சு வைங்க. அடுத்து வர்றவங்க ரெண்டையும் சேத்துப் பாக்கட்டும்."

"இது என்ன வட்டம்?"

"கிணறு."

"இது அவங்க மனைக்கு வெளிய இருக்கு. மனைக்கு வெளிய இருக்கறதப் படத்துல காட்டறதில்ல."

"அதான் முப்பத்தோரு வருஷமா இது எந்தப் படத்துலயும் இல்ல. மேலே இருக்கற அத்தனை வீட்டுப் படத்தையும் எடுத்துப் பாருங்க, ஒண்ணுலயாவது இருக்கான்னு. ஆறு வீட்டுக்குக் குடிதண்ணி அது."

எழுத்தர் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேலதிகாரி கேட்டா நான் என்ன சொல்றது?"

"என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. வட்டத்தை அழிக்கணும்னா அடியில இருக்கற என் கையெழுத்தையும் சேத்து அழிச்சிடுங்க. கிணறு இல்லாத படத்துக்கு நான் சான்று தர்றதா இல்ல."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். எழுத்தர் பெருமூச்சு விட்டு, இழுப்பறையைத் திறந்து ஒரு வெறுந்தாளை எடுத்து நீட்டினார். ஈட்டியம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிணற்றுக்கும் மூன்றாவது பள்ளத்துக்கும் இடையே எத்தனை அடி என்பதிலிருந்து எழுதத் தொடங்கினார்.